முதல் டம்ளர் என்னுடையது

தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷினை சர்வீஸ் செய்கிறவனுக்கு ஸ்க்ரூ டிரைவரை விட முக்கியமான கருவி அவனுடைய வாய். வேலை முடிந்ததும் இரண்டு டம்ளரில் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஒன்றை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, மற்றொன்றை அவர் கண் முன்னால் நாம் முதலில் குடித்துக் காட்ட வேண்டும். எங்கள் கம்பெனியின் சட்டம் இது. நான் குடித்து உயிரோடு நிற்கிறேன் என்று உறுதியான பிறகு அவர்கள் குடிப்பார்கள்.

அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பிழைக்கும் சகோதர சகோதரிகளே, நான் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே பைக்கில் அலைகிறவன். வேதியியல் பட்டதாரி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்தால் போதும், அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்காது. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும்.

வருடா வருடம் ஒரே அட்டை

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் கோயிலில் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருடம் ஆண்டவர் நமக்கென்று சொல்லும் வார்த்தை. சித்தப்பாவுக்குச் செழிப்பு வரும். எதிர்வீட்டு அக்காவுக்கு ஆசீர்வாதம் வரும். எனக்கு 'பயப்படாதே' வரும். போன வருடமும் அதுதான், அதற்கு முந்தின வருடமும் அதுதான். தட்டைச் சரியாகக் கலைக்கவில்லை என்று உபதேசியாரிடம் முறையிட்டேன். அவர் ஆண்டவரிடம் முறையிடச் சொன்னார்.

நான் பயப்படுகிறவற்றுக்குக் குறைவில்லை. நாய், ஈரக் கையோடு தொடுகிற பிளக், மேனேஜரின் போன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது. "எந்த ஊரு தம்பி?" என்று ஆரம்பிப்பார்கள். முகையூர் பக்கம் என்று நான் ஊர்ப் பெயரைச் சொல்வேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் எனக்குப் பயம். எங்கள் வீடு காலனியில் இருக்கிறது. அதைச் சொன்னால் சில வீடுகளில் சமையலறைக் கதவின் அகலம் குறைந்துவிடும். நம் மெஷினோ சமையலறையில்தான் மாட்டியிருக்கும்.

மூன்றாம் தடவையும் அதே அட்டையைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினேன். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒருத்தரு சொன்னதையே சொல்லிக்கினு இருக்காருன்னா, கேக்கறவன் காதுல வாங்கலைன்னு அர்த்தம்டா."

கரி

எனக்கு வேலை பழக்கியவர் ஏழுமலை அண்ணன். எங்கள் கிளையில் பழைய ஆள். முதல் நாள் விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் என்னைத் தனியாக வேலை செய்ய விட்டுவிட்டு, வாசலில் போன் பேசப் போனார். பழைய பில்டரைக் கழற்றிப் புதியது மாட்டினேன். பரீட்சை எழுதுகிறவன் மாதிரி ஒவ்வொரு மூட்டையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். பிறகு இரண்டு டம்ளர் பிடித்து, சட்டப்படி ஒன்றை மடமடவென்று குடித்தேன்.

புதுக் கரி பில்டரிலிருந்து முதலில் வருகிற தண்ணீரைக் கீழே விட்டுவிட வேண்டும். அதில் கரித்தூள் வரும். இந்தச் செய்தி வேதியியல் பட்டப்படிப்பில் இருந்தது. பயத்தில் மறந்துபோனது. வீட்டுக்காரரைப் பார்த்து, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, பல் தெரியச் சிரித்தேன். அவர் தன் டம்ளரை மெதுவாக மேடையில் வைத்தார். "மெஷினு நல்லாத்தான் வேலை செய்யுது தம்பி. அழுக்கெல்லாம் உன் பல்லோட நின்னு போச்சே."

நாயும் ஜெபமும்

வானூர் பக்கம் தோட்டத்து வீடு ஒன்று. கேட்டைத் திறந்து பாதி தூரம் போன பிறகுதான் நாயைக் கட்டவில்லை என்று தெரிந்தது. கன்றுக்குட்டி உயரம். குரைக்கவில்லை, சும்மா பார்த்தது. குரைக்காத நாயிடம் எனக்கு இன்னும் அதிகப் பயம். கால்கள் மறுத்துவிட்டதால் ஓடவும் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஞாயிறுபள்ளியில் மனப்பாடம் செய்த ஜெபங்களை எல்லாம் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். சாப்பாட்டுக்கு முன் சொல்கிற ஜெபமும் நடுவில் கலந்துவிட்டது. அந்தச் சூழ்நிலையில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

கண்ணைத் திறந்தபோது நாய் என் பையை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்திருந்தது. ஆண்டவர் சிங்கங்களின் வாயைக் கட்டியவர் என்று நெஞ்சு நிறைந்தது. வாசலில் இருந்த வீட்டுக்கார அம்மாவிடம் சாட்சி சொல்லவே வாயெடுத்துவிட்டேன். அவர் முந்திக்கொண்டார். "அது நிக்கறவங்கள ஒண்ணும் பண்ணாது, ஓடறவங்களத்தான் புடிக்கும். அன்னிக்கு ஜெபம் பண்ண வந்த பாஸ்டரு ஓடினாரு, பாவம், இன்னும் நொண்டிக்கினு இருக்காராம்."

சாம்

என் பெயர் சாமுவேல். சட்டைப் பையில் குத்துகிற பெயர் வில்லையில் 'சாம்' என்று அடித்துக் கொடுத்தார் மேனேஜர். முழுப் பெயரைப் பார்த்தால் ஜனங்கள் அடுத்தடுத்துக் கேள்வி கேட்பார்களாம், சாம் என்றால் சென்னையில் படித்த பையன் என்று விட்டுவிடுவார்களாம். நல்ல மனுஷர்தான். மழை வருவதற்கு முன்பே அடுத்தவனுக்குக் குடை பிடிக்கிறவர். அந்தக் குடைக்குள் நிற்கிறவனுக்குத்தான் மூச்சு முட்டும்.

திண்டிவனத்தில் அண்ணனோடு போன ஒரு வீட்டில் வில்லையையும் மீறிக் கேள்வி வந்தது. "விழுப்புரம் டவுன்" என்று சொன்னேன். வேலைக்காக அங்கே அறை எடுத்துத் தங்கியிருப்பதால் பொய் இல்லை என்று மனசாட்சிக்கு விளக்கம் கொடுத்தேன். "டவுன்ல எங்க?" "பஸ் ஸ்டாண்டு பக்கம்." "பஸ் ஸ்டாண்டு பக்கம்னா?" "பஸ் ஸ்டாண்டுக்கு... பக்கத்துல." வெளியே வந்ததும் ஏழுமலை அண்ணன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார். "ஏன்டா, பஸ் நிக்கற இடத்துல பாய் போட்டுக்கினு படுத்திருக்கேன்னே சொல்லியிருக்கலாமே, அவங்களும் நிம்மதியா இருந்திருப்பாங்க."

சளி

சட்டப்படி நான் தண்ணீர் குடித்துக் காட்டுவதற்கு டம்ளரை வீட்டுக்காரர்தான் தர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கைக்கு வந்த எவர்சில்வர் டம்ளரைத் தருவார்கள். மேல்மலையனூரில் ஒரு விவசாயி வீட்டில் அவர் குடித்துக்கொண்டிருந்த சொம்பையே கழுவி நீட்டினார். சில வீடுகளில் மட்டும், ஊரையும் பக்கத்தையும் விசாரித்த பிறகு, பேப்பர் கப் வரும். சுகாதாரத்தில் திடீர் அக்கறை வந்துவிட்டது போலிருக்கும்.

ஒரு நாள் அண்ணனும் நானும் ஒரே வீட்டில் ஒரே மெஷினை ஒன்றாகக் கழற்றி மாட்டினோம். அவருக்கு எவர்சில்வர் வந்தது, எனக்குப் பேப்பர் வந்தது. "தம்பிக்குச் சளி புடிச்சிருக்காப்பல இருக்கு, அதான்" என்று வீட்டுக்கார அம்மா காரணமும் சொன்னார். நான் குனிந்தபடி குடித்தேன். அண்ணன் தன் டம்ளரைத் தொடவில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் ரொம்ப மரியாதையாக, "எனக்குந்தாங்க சளி, எனக்கும் அந்தக் கப்பே குடுங்க" என்றார். அந்த அம்மா கொடுத்தார். அந்த வாரமே அங்கிருந்து ஆபீசுக்குப் போன் வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். காரணம் எதுவும் அவர்கள் சொல்லவில்லையாம், "வேற பையன அனுப்புங்க" என்று மட்டும் சொன்னார்களாம். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இன்னொரு வீட்லயிருந்து இப்படி வந்துச்சின்னா உன்ன எப்படிப்பா நிரந்தரம் பண்றது?"

ஒரே பாத்திரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கோயிலில் திருவிருந்து. கொரோனா வந்த காலத்தில் பொதுப் பாத்திரத்தை எடுத்துவைத்துவிட்டு ஆளுக்கொரு குட்டி பிளாஸ்டிக் கப்பில் திராட்சரசம் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். கொரோனா போயும் கப் போகவில்லை. அன்றைக்கு ஆயர் பயத்தைப் பற்றி நீளமாகப் பிரசங்கம் செய்தார். பயம் விசுவாசத்தின் எதிரி என்று மேசையைத் தட்டினார். பிறகு கைக்குச் சானிடைசர் தடவிக்கொண்டு, பழைய பாத்திரமும் இருக்கிறது, விரும்புகிறவர்கள் அதில் பெற்றுக்கொள்ளலாம் என்றார். ஒருவரும் அசையவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அம்மா எழுந்து போனார். களை எடுத்துக் காய்ப்பு ஏறிய இரண்டு கைகளாலும் பாத்திரத்தைப் பிடித்துக் குடித்தார். ஆராதனை முடிந்து வாசலில், "தனித்தனிக் கப்புதானே சுத்தம், உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?" என்று ஆயரே கேட்டார். அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "எல்லாரும் ஒண்ணுல வாய் வைக்கலாம்னுதானங்கய்யா எங்க பெரியவங்க இந்தக் கோயிலுக்கே வந்தாங்க. தனி டம்ளருதான்னா, அதுக்கு அப்போ ஊர்ல இருந்த டீக்கடையே போதுமே."

தங்க எழுத்து

திண்டிவனத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வீடு. அவரும் கிறிஸ்தவர். கூடத்துச் சுவரில் பெரிய சட்டம் போட்டு, தங்க எழுத்தில் என் வசனமே தொங்கியது: 'பயப்படாதே'. எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. பில்டரை மாற்றி முடித்து, கரித்தண்ணீரையெல்லாம் பொறுப்பாகக் கீழே விட்டேன். அவர் வில்லையைப் பார்த்து, "சாம்னா சாமுவேலா? நம்ம பிள்ளையா? சந்தோஷம்ப்பா" என்றார். எந்த ஊர் என்றார். சொன்னேன். "அங்க நம்மாளுங்க ரெண்டு பக்கமும் இருக்காங்களே. நீங்க எந்தப் பக்கம்?"

நாக்கு பஸ் ஸ்டாண்டை நோக்கிப் புறப்பட்டது. மேனேஜரின் முகம் தெரிந்தது. வேலை போய்விட்டது என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வேன் என்றும் நினைத்தேன். உதவிக்கு வசனத்தைத் தேடினால், தங்க எழுத்தில் எதிரே இருந்தும் ஒரு வார்த்தை மனதில் ஏறவில்லை. அம்மா பாத்திரத்தைப் பிடித்த கைதான் ஞாபகத்தில் வந்தது. ஆண்டவரே, கூட நில்லும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். "காலனிங்க மேடம். கோயிலுக்குப் பக்கத்து வீடு" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. அவர் அலமாரிக்குப் போனார். தனக்கு ஓர் எவர்சில்வர் டம்ளரும் எனக்கு ஒரு பேப்பர் கப்பும் எடுத்து வந்து வைத்தார்.

ஒரு தடவை வாய் திறந்துவிட்டவனுக்கு மறுபடி மூடுவது கஷ்டம். "மேடம், ரெண்டு பேரும் ஒரே மாதிரி டம்ளர்ல குடிச்சாத்தான் ருசி சரியாத் தெரியும்" என்றேன். சொன்னது விஞ்ஞானப்படியும் உண்மை. அவர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். என்னைவிட அவர் அதிகமாகப் பயந்திருக்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றியது. இல்லாவிட்டால் அந்த வசனத்தை அவ்வளவு பெரிதாக மாட்டியிருக்க மாட்டார். எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், இன்னொரு பேப்பர் கப்போடு திரும்பி வந்தார். சட்டப்படி நான் முதலில் குடித்தேன். பிறகு அவர் குடித்தார். சப்புக்கொட்டிவிட்டுச் சொன்னார். "தண்ணி நல்லாத்தான்ப்பா இருக்கு, ஆனா பேப்பர் வாசனை அடிக்குதே."

போன்

மறுநாள் காலை மேனேஜரின் போன் வந்தது. பைக்கை ஓரங்கட்டி நிறுத்தினேன். வாயில் வந்த ஜெபத்தில் சாப்பாட்டு ஜெபம் இந்த முறை கலக்கவில்லை. அந்தத் தலைமையாசிரியை அவரிடம் பேசியிருக்கிறார்.

"சார், என்ன சொன்னாங்க சார்?" என்றேன். அவருக்கே விளங்காத ஒன்றை ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தார். "வேலை சுத்தமாம். அடுத்த சர்வீசுக்கும் நீயேதான் வரணுமாம். ஆனா டம்ளரு மட்டும் நீயே எடுத்துக்கினு வந்துடணுமாம்."

பயம் இன்னும் பைக்கில் என் பின்னால்தான் உட்கார்ந்து வருகிறது, ஆனால் இப்போதெல்லாம் கருவிப் பையில் ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டம்ளர் வைத்திருக்கிறேன், ஒன்று எனக்கு, மற்றது ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்கிறவர்களுக்கு.