லேசான வேலை

தொண்ணூறுகளின் நடுவில், இலங்கையில் பதுளைக்குப் பக்கம், நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். முன்கோபி. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆளாளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. கூப்பிட்டு முடிந்த பிறகு யார் ஓடி வந்தாலும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். மழை என்பார்கள், பிள்ளைக்குச் சுகமில்லை என்பார்கள். எனக்கென்ன? என் அம்மாவும் இதே மாதிரி ஒரு களத்தில் விரட்டப்பட்டவள்தான். அது அப்போது ஞாபகத்துக்கு வந்ததே இல்லை. வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

கொழுந்து எடுப்பதில் அங்கே ஒருத்தியை மிஞ்ச ஆள் கிடையாது. முப்பது வயதிருக்கும். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை நாற்பது நாள்கூட இருக்கவில்லை. காய்ச்சலோடு பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், வெறுங்கையோடு திரும்பினார்கள். காரியம் முடிந்து புருஷன் கொழும்புக்குப் போய்விட்டான். இரண்டு வாரத்தில் அவளும் பெரட்டுக்கு வந்து நின்றாள். பேரைக் கூப்பிட்டால் பதில் இல்லை. மலையில் தனக்கு ஒதுக்கிய தேயிலை வரிசையில், தன் நிரைக்குள் போய்ச் செடியைப் பார்த்தபடி நிற்பாள். பக்கத்து நிரைப் பெண்கள் தங்கள் கூடையிலிருந்து கொழுந்தை அள்ளி அவள் கூடையில் போடுவதை நான் கண்டும் காணாதது போல இருந்தேன். அதுவே பெரிய தர்மம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அதோடு விட்டேனா? எனக்கும் மனசு இருக்கிறது என்று காட்ட வேண்டாமா? பாவம், லேசான வேலையாகக் கொடுப்போம் என்று அவளைப் பிள்ளைக் காம்பராவுக்கு மாற்றினேன். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. நனைய வேண்டாம், கூடை சுமக்க வேண்டாம், ஆயாவுக்கு ஒத்தாசையாகத் தொட்டிலை ஆட்டினால் போதும். நல்ல காரியம் செய்தீர்கள் என்று கங்காணிகூடச் சொன்னார். ஒருத்தருக்கும் வேறு மாதிரித் தோன்றவில்லை.

இரண்டு நாள் போனாள். மூன்றாம் நாள் அதையும் விட்டுவிட்டாள். கங்காணி, தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கம் போய் இரண்டு தடவை வெளியே நின்று சத்தம் போட்டுப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. அவள் சாப்பிடுவதில்லை, தனியாக விட்டுவிட்டு மலைக்குப் போகவே பயமாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி அழுகிறாள் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. லேசான வேலை கொடுத்தும் இந்தத் திமிரா, இன்னும் நாலு நாள் பார்த்துப் பேரை வெட்டிவிடுகிறேன் என்றேன்.

அந்த வாரம் மழை விட்டு வெயில் அடித்தது. மலை முழுக்கக் கொழுந்து. எடுக்க ஆள் போதாமல் முற்றிப்போகிறது. தோட்டத்து மேனேஜர் பெரிய துரை என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்கு அவளுடைய கைகள் ஞாபகம் வந்தன. கணக்கப்பிள்ளை லயத்துக்குப் போய்த் தொழிலாளியைக் கூப்பிடுகிற வழக்கமே கிடையாது. இருந்தாலும் போனேன். இரண்டு வார்த்தை கடுமையாகப் பேசி மலைக்கு இழுத்து வந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ரொம்ப நேரம் தட்டிய பிறகு திறந்தாள். பாதியாகிப் போயிருந்தாள். நெஞ்சின் மேல் ஒரு துவாயைப் போட்டு இறுக்கிப் பிடித்திருந்தாள். கொண்டுபோன வார்த்தைகளை அப்படியே விட்டுவிட்டேன்.

"என்னதாம்மா வேணும் ஒனக்கு?" என்று கேட்டேன். அத்தனை வருஷத்தில் ஒரு தொழிலாளியிடம் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "புள்ளக் காம்பரா வேணாங்கய்யா. அங்க ஒரு புள்ள அழுதா எனக்குப் பால் வந்துருது."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்று பிள்ளை பெற்ற வீட்டில் இருப்பவன் நான். இது எப்படித் தோன்றாமல் போனது?

"என் நெரையவே குடுங்க," என்றாள். "முடிஞ்சத எடுக்கிறேன். காலையிலதான் எந்திரிக்க முடியல."

எப்போது எழும்ப முடிகிறதோ அப்போது வா, நிரை இருக்கும் என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

மறுநாளிலிருந்து அவள் நிரையை யாருக்கும் கொடுக்கவில்லை. சில நாள் ஒன்பது மணிக்கு வருவாள், சில நாள் பத்துக்கு, சில நாள் வரவே மாட்டாள். வராத நாளில் கங்காணியை அனுப்பாமல் நானே போய்ச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வருவேன். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரிடம் சொல்லி, பதுளையில் மனநல டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்தோம். கிளினிக் நாளில் துணைக்கு ஒருத்தியையும் அனுப்பினேன். அவளுக்கு மட்டும் என்ன சலுகை என்று பெரட்டில் முணுமுணுப்பு எழுந்தது. உங்களில் யாருக்கு அப்படி வந்தாலும் இதேதான் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயால் பிறகு மாற்றிப் பேச முடியுமா? நான் வேலையை விட்டு விலகும் வரை அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

ஒரு வருஷத்துக்குள் பேர் கூப்பிடுவதற்கு முன்பே வந்து நிற்கத் தொடங்கிவிட்டாள்.

அதற்கும் ரொம்ப நாள் கழித்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"ஐயா அன்னைக்கு லயத்துக்கு வந்தீங்கல்ல," என்றாள். "அன்னைக்கு நான் செத்துப் போறதுன்னு முடிவு பண்ணி வச்சிருந்தேங்க. நமக்காக ஒரு மனுசன் தேடி வந்து கதவத் தட்டுறாரேன்னுதான் தொறந்தேன்."

நான் கொழுந்துக்காகத்தான் வந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.