பதினான்கு மீட்டர் ஆழத்து முட்டைகள்

ஒரு வாக்கியம் எழுத ஹில்க்காவுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க வேண்டியிருக்கிறது என்று அலுவலகத்தில் கேலி பேசினார்கள். கேலியில் பொய் இல்லை. சுரங்கத்தின் உப்புக் கழிவுநீரைக் குழாய் வழியே கோய்வி ஏரிக்குள் விடலாமா என்பது கேள்வி. அந்த ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் சோதனையாகத் திறந்துவிட அனுமதி கொடுத்திருந்தார்கள். அதை நிரந்தரமாக்குவதற்கு முன், மீன்களுக்கு அபாயம் குறைவா அதிகமா என்று அவள் எழுதித் தர வேண்டும்.

ஆய்வுக்கூடச் சோதனை நான்கே நாளில் முடிந்திருந்தது. வெப்பநாட்டுச் சிறு மீன் ஒன்றின் முட்டைகளை அந்த நீரில் இட்டார்கள். எல்லாம் பொரிந்து நீந்தின.

"அதான் தேறியாச்சே, கையெழுத்தைப் போடேன்" என்றார் மேலாளர்.

"அந்த மீனுக்கு நாலு நாள்ல எல்லாம் முடிஞ்சிடும். நம்ம முய்க்கு மீன் இலையுதிர்காலத்துல முட்டை போட்டா, பனி உடையுற வரைக்கும் அது ஏரியோட அடியிலதான் கிடக்கும். அத்தனை மாசம் தாங்குமான்னு யார் பாத்தா?"

விரல் நீள வெள்ளி மீனான முய்க்குவைக் கம்பு மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்துத் தின்று வளர்ந்தவள் ஹில்க்கா. வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில்தான் அதன் முட்டையை உருப்பெருக்கியில் பார்த்தாள். தாய்மீன் விட்டுவிட்டுப் போய் மாதங்கள் ஆகியிருந்தன. வெளிச்சம் இல்லை, உணவு இல்லை. இருந்தும் அந்தக் கடுகளவு உருண்டைக்குள் ஏதோ ஒன்று தனக்குத்தானே கண் செய்துகொண்டிருந்தது. அதன் பிறகும் அவள் முய்க்கு சாப்பிட்டாள். சாப்பிடும்போது பேசுவதைத்தான் விட்டுவிட்டாள்.

அவள் பயம் இதுதான். உப்புநீர் கனமானது, நழுவி ஆழக் குழிகளில் போய்த் தங்கும். மேலே பனிக்கட்டி மூடியிருப்பதால் கலக்கிவிடக் காற்றும் கிடையாது. மேல்நீரை மொண்டு எல்லோரும் காபி போடுவார்கள். அதில் உப்பு தெரியாது. முட்டைகள் கிடப்பதோ அடியில்.

அதனால் அக்டோபரிலேயே இரண்டு வலைப்பெட்டிகளில் இருநூறு இருநூறு முட்டைகளை வைத்து இறக்கியிருந்தாள். ஒன்று குழாயின் பக்கத்துக் குழியில். மற்றது, குழாய் நீர் எட்டாத வடக்கு விரிகுடாவின் குழியில். இரண்டும் பதினான்கு மீட்டர். படகோட்டியவன் தாய்ஸ்தோ; அவளோடு பள்ளியில் படித்தவன், பனிக்கடியில் வலையிழுத்துப் பிழைப்பவன். அவன் மகன் ஆர்த்து அதே சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான்.

மார்ச்சில் இருவரும் பனி ஸ்கூட்டரில் போய், பனியில் துளை போட்டு, பிராணவாயுவை அளந்துவிட்டு, குழாய்க் குழியின் பெட்டியைத் தூக்கினார்கள். முட்டைகள் வெளுத்து, பஞ்சுபோல் பூஞ்சணம் பூத்து ஒட்டிக் கிடந்தன.

தாய்ஸ்தோ எச்சில் துப்பினான். "போதுமா? எழுதிடு."

"இன்னொரு பெட்டி இருக்கே. ஆழக்குழியில பிராணவாயு கம்மியானாலும் முட்டை சாகும். அங்கயும் செத்துக் கிடந்தா உப்பு மேல பழி போட முடியாது."

"நீ அப்பவே இப்படித்தான். வாத்தியார் கேக்காத கணக்கையும் போட்டுக் காட்டுவே."

"நீ அவர் கேட்ட கணக்கையே போட மாட்டியே."

அவன் சிரித்தான். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது சிரிப்பு நின்றிருந்தது. "எனக்கு எப்படிப் பாத்தாலும் அடிதான். மீன் போனா என் பிழைப்பு போச்சு. குழாயை மூடினா என் மகன் பிழைப்பு போச்சு. எது வேணும்னு எனக்கே தெரியல, ஹில்க்கா."

வடக்கு விரிகுடாவில் அவள் முதலில் பிராணவாயுமானியை இறக்கினாள். குழாய்க் குழியில் காட்டிய அதே அளவு. பிறகு தாய்ஸ்தோ கயிற்றை இழுத்தான். குளிர்காற்றுப் பட்டால் உறைந்துவிடும் என்பதால், துளைக்குள்ளேயே வாளியை நுழைத்து, பெட்டியை நீரோடு ஏந்தி எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.

அநேகமாக ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கருங்கண்கள்.

ஆரஞ்சு நிறக் கண்ணாடிபோல் தெளிந்த உருண்டைகள். பகல் வெளிச்சம் பட்டதும் உள்ளே சுருண்டு கிடந்தவை ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டன. வாளி முழுக்க அந்த அசைவு பரவியது. ஹில்க்கா எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனாலும் வாளியின் மேல் இன்னும் குனிந்தாள்.

தாய்ஸ்தோ கையுறையைக் கழற்றி விரலை நீட்டினான்.

"கையை எடுப்பா! உன் உடம்புச் சூடு அதுக்குக் காய்ச்சல்."

அவள் தந்த உருப்பெருக்கியோடு அவன் பனிமேல் குப்புறப் படுத்தான். நெடுநேரம் எழவில்லை. "சிவப்பா என்னமோ துடிக்குது."

"இதயம்."

"என்னையே பாக்குது, ஹில்க்கா."

"உன்னை இல்ல. வெளிச்சத்தை. இப்பத்தான் முதல்முறையாப் பாக்குது."

"இத்தனை வருஷமா இதுங்க தலைக்கு மேல நின்னு காபி குடிச்சிருக்கேன்" என்றான் மெல்ல. "கீழ இப்படி ஒண்ணு நடக்குதுன்னு எவனும் சொல்லலியே."

அவள் எண்ணினாள். நூற்று எண்பத்தேழு உயிரோடிருந்தன. மறுபடி எண்ணியும் அதேதான். பிறகு பெட்டியைத் துளைக்குள் கவிழ்த்தாள். முட்டைகள் ஆரஞ்சுப் பொட்டுகளாய்ச் சுழன்று இருட்டுக்குள் இறங்குவதை இருவரும் மண்டியிட்டுப் பார்த்தார்கள்.

"என்ன எழுதுவே?" என்றான் தாய்ஸ்தோ, துளையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அபாயம் அதிகம். குழாயை மூட வேண்டும்."

"இன்னொரு தடவை சொல்லு. ராத்திரி சாப்பாட்டுல ஆர்த்துகிட்ட நான் சொல்லணும். தடுமாறக் கூடாது."

ஹில்க்கா அதையே நிறுத்தி நிதானமாக மறுபடி சொன்னாள். அவன் உதடுகள் கூடவே அசைந்தன.