திருக்கோவில் தென்னையும் என் அச்சாறும்

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருக்கிறீர்களா? வீட்டில் எல்லோரும் நலமா? அப்படியென்றால் உட்காருங்கள், கதை கொஞ்சம் நீளம்.

நாட்டில் சண்டை முடிந்து சில மாதம்தான். ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. கல்முனையில் எனக்கு அச்சாறுக் கடை. திருக்கோவிலில் கள்ளிறக்கும் நடராசா தரும், கள்ளு புளித்து வரும் வினாகிரியில்தான் ஊறப்போடுவேன். பக்கத்துக் கடை ஹனீபா காக்கா, எனக்கு அண்ணன் மாதிரி, சந்தை முழுக்கக் கதைத்துவிட்டார்: "இவன் பெருநாளைக்கு நமக்குக் கள்ளு தின்னத் தாறான்!" ஆட்கள் வருவது நின்றது. கொழும்பிலிருந்து போத்தலில் வரும் செயற்கைப் புளிப்பு அசிட்டுக்கு மாறச் சொன்னாள் மனைவி. மாறமாட்டேன் என்று போன கிழமை திருக்கோவிலுக்கு பஸ் ஏறினேன்.

அக்கரைப்பற்றில் பஸ் மாற வேண்டும். சோதனைச் சாவடியில் சிப்பாய் என் வெறும் கேனை மோந்து பார்த்துச் சிரித்தான். சிரிக்கட்டும். வினாகிரிக்கு வெள்ளைக்காரனிடம் பார்லி, திராட்சை. மலைப்பக்கம் கித்துள் மரம், யாழ்ப்பாணத்தில் பனை, நம் கரைக்குத் தென்னை. ஒரு காலத்தில் கள்ளு விற்கும் உரிமையையே வெள்ளைக்காரன் குத்தகைக்கு விட்டான். மரம் என்ன செய்யும்? அது இனிப்பாகத்தான் தருகிறது. முட்டியில் விழுந்த பிறகுதான் புளிக்கிறது.

கள்ளு தானாகவே வினாகிரியானால் எங்களுக்கு ஹலால். அவசரப்படுத்த எதையாவது போட்டால் ஆகாது. நடராசா வீட்டில் இரண்டு சாடி இருந்தது. அவர் மனைவி பூமணி ஆசையாகச் சொன்னாள்: "காக்காக்குப் பெருநாள் அவசரம் எண்டு ஒண்டுக்க கொறுக்காப்புளி போட்டிட்டன்."

நான் அந்தச் சாடியைத் தள்ளி வைத்தேன். "அத நீங்க மீன் குழம்புக்கு வைங்க தங்கச்சி. மத்தது?"

"அதத் தொடவே இல்ல காக்கா," என்றார் நடராசா. சுனாமி அவர் பழைய வீட்டை அள்ளியது, அந்தத் தென்னைகளை அசைக்க முடியவில்லை. "உங்கட ஹனீபாவக் கூட்டி வாங்க. மரத்துல ஏத்தியே காட்டுறன்!"

மூடியைத் திறந்தார். நெடியில் கண்ணில் தண்ணீர் வந்தது. அசல் வினாகிரி.

வந்ததும் கடைவாசலில் பலகை மாட்டினேன்: 'திருக்கோவில் தென்னங்கள்ளு தானாகப் புளித்த வினாகிரியில் போட்ட அச்சாறு.'

"கள்ளு எண்டு எழுதினா ஆரு வாங்குற? பைத்தியமா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"ஒளிச்சாத்தான்டி சந்தேகம் வரும்."

நீங்களும் வாங்கப் போனால் தகர வாளி கொண்டு போகாதீர்கள், வினாகிரி அரித்துவிடும். சாடிக்குள் எதுவும் போட்டார்களா என்று கேளுங்கள், கோபிக்க மாட்டார்கள். திரும்பும்போது அக்கரைப்பற்றில்...

"தம்பி! அச்சாறு ஒரு போத்தல் தா. வெளிய தெரியாம பேப்பர்ல சுத்து!"

ஹனீபா காக்காவின் குரல். கொஞ்சம் இருங்கள், பேப்பர் சுற்றாமல் இப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு வருகிறேன்.