பாதி டீ

எனக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று புதுச்சேரி டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஓடிவிட்டது. என் பொம்மைக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தால்தானே நான் போய்ப் படுக்க முடியும்? விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்வதில் கைதேர்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சொல்லாமல் செய்கிறவர்களுக்குத்தான் பஞ்சம். என்னிடம் வேலை செய்யும் நான்கு பெண்களும் நல்லவர்கள்தான். ஆனால் சூளைக்குப் பக்கத்தில் சாக்கு புகைந்தாலும், "நீங்க ஒண்ணும் சொல்லலியேக்கா" என்பார்கள். அந்தச் 'சொல்லலியே'வைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

எங்கள் சபை பாஸ்டரிடம் புலம்பினேன். வேதத்தில் ஒரு படைத்தலைவன், தண்ணீர் குடிக்கும் விதத்தைப் பார்த்து வீரர்களைத் தேர்ந்தெடுத்த கதையை நினைவூட்டினார். மண்டியிட்டுக் குடித்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். கையில் அள்ளிக் குடித்தவர்களை வைத்துக்கொண்டான்.

"தண்ணி குடிக்கறப்பவும் கண்ணு வேலையில இருக்கணும்ங்க" என்றார் பாஸ்டர்.

ஆற்றுக்கு நான் எங்கே போக? மணிமுத்தாறே வறண்டு கிடக்கிறது. டீ நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த வாரமே, டீ வந்த நேரத்தில் வானம் இருட்டியது. வாசலில் சுடாத பச்சைப் பொம்மைகள் பலகை பலகையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மழை பட்டால் மறுபடி வெறும் மண்தான். நான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று பேர் டீயை ஊதிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்கள். கம்மாபுரத்திலிருந்து வரும் பெண் மட்டும் பாதி டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் டீ நேரத்தில், எல்லோர் முன்னாலும் அவளிடம் சொன்னேன். "இனிமே கொட்டாய் உன் பொறுப்பு. நான் ஆபரேஷனுக்குப் போயிட்டு வரேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கோச்சுக்காதீங்கக்கா. ஊர்ல நானே சின்னதா ஒரு சூளை போட்டுட்டேன். இந்த மாசத்தோட நின்னுக்கறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடி!"

மற்ற மூவரும் டீ கிளாஸுக்குள் சிரித்தார்கள். அந்தப் படைத்தலைவன் தேர்ந்தெடுத்தவர்கள் சண்டைக்குப் பிறகு எங்கே போனார்கள் என்று பாஸ்டரும் சொல்லவில்லை. வெளியே நல்ல வெயில் அடித்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பலகைகளை வெயிலில் வைக்கச் சொல்ல வேண்டும்.