வெளிப்பக்கம் கைப்பிடி இல்லாத கதவு

கதவின் அடிச்சட்டத்தில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்திக்கொண்டிருந்தபோது முகத்தில் லேசாகக் காற்று பட்டது. பிறகு க்ளிக் என்றது. நிமிர்ந்தான். உள்பக்கமாகத் திறந்திருந்த பால்கனிக் கதவு சாத்தியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூடாமணி அம்மாள் நின்றிருந்தாள். கைப்பிடி அவள் கையில் இருந்தது.

கைப்பிடியை அதன் சதுரக் கம்பியோடு துளையில் செருகித்தான் வைத்திருந்தான். ஸ்க்ரூ போடவில்லை. புதிய பூட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்த பிறகு முடுக்குவது வழக்கம். அப்படி வைத்துவிட்டு வெளியே கால் வைக்கக் கூடாது என்பதும் வழக்கம். வைத்தே ஆக வேண்டுமென்றால் கதவிடுக்கில் டேப் உருளையைப் போட்டுவிட்டு வைக்க வேண்டும். பதினோரு வருடங்களாகப் போட்டிருக்கிறான். இன்று டேப் உருளை இடுப்புப் பையில் இருந்தது.

வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் பட்டையும் உள்பக்கம்தான். வெளியிலிருந்து எவனும் கழற்ற முடியாதபடி செய்த கதவு. இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள்.

கூடத்துச் சுவரில் கடிகாரம் தெரிந்தது. இரண்டு இருபத்தைந்து. சாப்பாட்டு மேஜையில் அவனுடைய கைபேசி சார்ஜில் கிடந்தது.

பகலில் சூடாமணியைப் பார்த்துக்கொள்ளும் ஹாஜிரா பீ இரண்டு மணிக்கே போய்விட்டாள். போகும்போது அவனிடம், "மாத்து ஆளு வந்துகினே கீதுண்ணா, அஞ்சு நிமிசம் இரு. எம் பொண்ண ஸ்கூல்லேர்ந்து இட்டாரணும். அம்மா ஒண்ணியும் பண்ணாது. இன்னிக்கு இன்னா கெழமன்னு தெரியாது, அவ்ளோதான்" என்றாள்.

"மூணு மணிக்கு நான் என் வூட்டாண்ட நிக்கணும்மா. கணக்கெடுக்க வர்றாங்க."

"நீ இன்னா கலெக்டரா? நீ போனாத்தான் ஆரம்பிப்பாங்களா? இரு, போவலாம்."

மாற்று ஆள் வருவதற்குள் சும்மா நிற்பானேன் என்றுதான் துளைகளைக் குத்த வெளியே வந்தான். யாரும் கேட்காத வேலை.

சித்தார்த்தனுக்கு முப்பத்தாறு வயது. பதினாறு வயதில் தி.நகரில் கடைகளுக்குக் கண்ணாடி சுமந்தான். அங்கே ஒரு முறை துணிக்கடை வாசலில் ஆளுயரக் கண்ணாடி இறங்கும்போது உடைந்து, கீழே பிடித்திருந்தவனுடைய பாதத்தின் மேல் விழுந்தது. அவன் பிறகு சுமக்க வரவில்லை. சித்தார்த்தன் அலுமினியத்துக்கு மாறினான், அப்புறம் இந்த டபுள் கிளாஸ் கதவுகளுக்கு. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கெட்டுப்போன பூட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தான். பெசன்ட் நகரில் உப்புக்காற்று ஸ்க்ரூவைத் தின்றுவிடும். மயிலாப்பூரில் கதவு புதிதாக இருக்கும், சுவர் இறங்கியிருக்கும். ஆழ்வார்பேட்டையில் நான்கு வருடமாக மெட்ரோ வேலை. தூசி பூட்டுக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. எந்த வீட்டிலும் முதலில் சொல்வது ஒன்றுதான். சத்தம் கேட்கக் கூடாது.

அவனுடைய சொந்த வீடு அடையாற்றின் கரையில். அந்த வரிசையில் அறுபத்திரண்டு வீடுகள். கதவு தகரம். கீல் இருக்க வேண்டிய இடத்தில் கயிறு. அன்று காலை வண்டியை எடுக்கும்போது பக்கத்து வீட்டு அம்மாசி பல் துலக்கிக்கொண்டே கேட்டார்:

"இன்னா நைனா, இன்னிக்குக்கூடவா வேலைக்கு?"

"ஒரு பூட்டுதான் மாமா. கடையில எடுத்துகினு ஒரு மணிக்குப் போவணும். முக்கா மணி நேரம்."

"இவன் வூட்டுக் கதவு கயித்துல தொங்குது, ஆழ்வார்பேட்டைக்குப் போயி ஜெர்மன் பூட்டு மாட்றான்" என்று அம்மாசி தெருக்குழாயிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

கணக்கெடுப்பவர்கள் மூன்று மணிக்கு வருவதாக முந்தின நாள்தான் தகவல் வந்தது. குடும்பத் தலைவர் ரேஷன் கார்டோடு வாசலில் நிற்க வேண்டும். அவருடைய கைபேசிக்கு ஓடிபி வரும். அதைச் சொல்ல வேண்டும். போட்டோ எடுத்த பிறகு கதவில் எண் எழுதுவார்கள். எண் எழுதிய வீட்டுக்கு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் ஒரு வீடு. எழுதாத வீட்டுக்கு ஒன்றுமில்லை. இடிப்பது இரண்டுக்கும் பொது.

பெரும்பாக்கம் வேண்டாம் என்று போன வருடம் ஊர்வலம் போனார்கள். சித்தார்த்தனும் போனான். இந்த வருடம் அந்த எண்ணுக்காக வாசலைப் பெருக்கிவைத்திருந்தார்கள்.

கார்டு அவன் அம்மா முனியம்மாள் பெயரில் இருந்தது. மாசியில் அவள் இறந்தபின் அவன் பெயருக்கு மாறியது. மனைவி அன்புச்செல்வியின் பெயர், கல்யாணமாகி ஏழு வருடமாகியும், ஆதம்பாக்கத்தில் அவள் அப்பாவின் கார்டிலேயே கிடந்தது. மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் பேசிக்கொண்டார்கள். குழந்தையின் பெயர் எந்தக் கார்டிலும் இல்லை. ஆகையால் அந்த வீட்டில் எழுத்துப்படி இருப்பவன் அவன் ஒருவன்தான்.

முதலில் கண்ணாடியைத் தட்டினான். கைப்பிடியைத் துளையில் செருகும்படி சைகை காட்டினான். சூடாமணி கைப்பிடியைத் தூக்கிக் காட்டினாள். கீழே துளையைக் காட்டினான். அவளும் கீழே காட்டினாள். உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தாவது மாடி. கைப்பிடிச் சுவரில் எக்கிக் கத்தினான். கீழே மெட்ரோவுக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய குரல் அவனுக்கே கேட்கவில்லை. டேப் உருளையை எறிந்தான். தகரத் தடுப்பின் மேல் விழுந்தது. மஞ்சள் தொப்பி போட்ட ஒருவன் அண்ணாந்து பார்த்தான். சித்தார்த்தன் இரண்டு கைகளையும் ஆட்டினான். அவனும் சிரித்துக் கையாட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

மூன்று ஐந்துக்கு மேஜையில் கைபேசி எரிந்தது. குழந்தையின் படம் தெரிந்தது. அன்புச்செல்வி. எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது. மாற்று ஆள் வரவில்லை.

கண்ணாடியை உடைக்கலாம். ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கீழ்மூலையில் வைத்து ஸ்பேனரால் தட்டினால் முழுதும் கற்கண்டுபோல் உதிர்ந்துவிடும். இரண்டு தட்டு, இரண்டு கண்ணாடி. வேலை போகும். போனால் போகிறது. வண்டியில் பதினைந்து நிமிடத்தில் ஆற்றோரம் சேர்ந்துவிடலாம்.

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவரை மூலையில் வைத்தான். என்ன செய்கிறான் என்று பார்க்கச் சூடாமணியும் குனிந்தாள். முகம் கண்ணாடியை ஒட்டி இருந்தது. மூச்சு படிந்து மறைந்தது. வெறுங்கால்.

போ என்று கையைக் காட்டினான். அவளும் போ என்று காட்டினாள். அவன் பால்கனியின் மறுகோடிக்குப் போனான். அவளும் அந்தப் பக்கம் நகர்ந்தாள். அவன் சுவரோடு ஒதுங்கி, அவள் பார்வையில் படாமல் நின்றான். அப்படியே நின்றால் மறந்துவிட்டுப் போவாள் என்று எண்ணினான்.

சரியாகத்தான் எண்ணினான். இருபது நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தபோது அவள் இல்லை. மணி மூன்று ஐம்பது. மூலையில் வைத்துத் தட்டினான். வெளிக் கண்ணாடி ஒரு கணம் வெள்ளையாக மாறி, மொத்தமாக அவன் கால்களின் மேல் சரிந்தது. உள் கண்ணாடி மீதமிருந்தது. ஸ்பேனரை ஓங்கியபோது உள்ளேயிருந்து முதல் முறையாகக் குரல் கேட்டது.

"யாரு?"

சூடாமணி திரும்பி வந்து அதே இடத்தில் நின்றாள்.

"அம்மா, தள்ளிப் போங்க. உள்ள போங்கம்மா."

"தூசி வரது. சாத்தினேன்."

"அந்தக் கைப்பிடிய ஓட்டையில சொருகுங்கம்மா. தோ, இங்க."

"இது எங்காத்துது" என்று கைப்பிடியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஒரு கண்ணாடி போனதில் உள்ளே மின்விசிறியின் சத்தம்கூட லேசாகக் கேட்டது. அதனால் அடுத்து கைபேசி அடித்ததும் கேட்டது. மணி நான்கு ஐந்து. சூடாமணி மேஜையருகே போனாள். அவள் நகர்ந்ததும் அவன் ஸ்பேனரை எடுத்தான். ஆனால் அவள் கைபேசியைக் காதில் வைத்துவிட்டாள். அவன் ஸ்பேனரை இறக்கினான். அவள் என்ன சொன்னாலும் சரி, எதையாவது சொல்லட்டும், ஏதோ தவறு என்று அன்புச்செல்விக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தான்.

சூடாமணியின் குரல் மாறியிருந்தது. தெளிவாக, மரியாதையாக இருந்தது.

"ஹலோ. அவர் கிளம்பிட்டாரே."

"இல்லம்மா" என்று அவன் கத்தினான்.

"ஆமா, அப்பவே கிளம்பிட்டார். வந்துண்டே இருப்பார்."

"அன்பு, நான் இங்கதான் கீறேன். அன்பு."

சூடாமணி மறுகாதைக் கையால் பொத்திக்கொண்டு, "இங்க வெளியில ஒரே சத்தம்" என்று கைபேசியில் சொன்னாள். "சரி. வெச்சுடட்டுமா?"

பிறகு நாற்காலி ஒன்றை இழுத்துவந்து கதவருகே போட்டு உட்கார்ந்தாள். பாதங்கள் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தன. பிறகு கைபேசி அடிக்கவில்லை. வந்துகொண்டிருப்பவனுக்கு யார் போன் செய்வார்கள்?

அவன் இரண்டு முறை ஸ்க்ரூடிரைவரை மூலையில் வைத்தான். இரண்டு முறையும் பாதங்களைப் பார்த்தான். மூன்றாவது முறை அவள் தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். அப்போது அடித்திருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்தான். மணி ஐந்தேகால் ஆகியிருந்தது. ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுவிட்டு உடைந்த கண்ணாடியைக் காலால் ஒதுக்கி உட்கார்ந்தான். வெயில் அவன் இருந்த பக்கத்தை விட்டு நகர்ந்தது.

சூடாமணியின் மகன் ஹரி ஆறு பத்துக்கு வந்தார். தூங்கும் அம்மாவின் கையிலிருந்து கைப்பிடியை எடுத்து, அவன் சொன்னபடி செருகித் திருப்பினார். கதவு தடையில்லாமல் திறந்தது.

"என்னப்பா இது? கண்ணாடி?"

"உடைச்சிட்டேன் சார். வெளிய மாட்டிக்கினேன்."

"நீ எதுக்கு வெளியில போனே?"

"தண்ணி போற ஓட்டை அடைச்சிருந்துச்சு சார்."

அவன் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து ஹரி கேட்டார். அம்மா போனில் சொன்னதை ஒரு வரியில் சொன்னான். ஹரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "யார் போன் பண்ணினாலும் அதைத்தான் சொல்வா. அப்பா சர்வீஸ்ல இருந்த முப்பது வருஷமும் அதைச் சொல்லியே பழக்கம். அவர் ரூம்ல தூங்கிண்டிருப்பார், இவ கிளம்பிட்டார்னு சொல்லுவா." கூடத்தில் மாலை போட்ட படம் ஒன்று இருந்தது. சுந்தரராமன் என்று கீழே எழுதியிருந்தது.

ஆற்றோரம் போனபோது வரிசையில் எல்லாக் கதவுகளிலும் நீல மையில் எண் இருந்தது. அம்மாசியின் கதவில் முப்பத்தேழு. அவன் கதவில் எண் இல்லை. 'ஆள் இல்லை' என்று எழுதியிருந்தது. அன்புச்செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கதவருகேதான் நின்றிருந்தாள்.

"எங்கய்யா போய்ட்ட?"

சொன்னான். அவள் கடைசிவரை கேட்டாள்.

"ஒரு அம்மா எடுத்துச்சு. கெளம்பிட்டாரு, வந்துகினே இருப்பாருன்னு நல்ல மாரியா சொல்லிச்சு. நானும் அதயே அவங்ககிட்ட சொல்லிகினு நின்னேன். முக்கா மணி நேரம் நிறுத்தி வெச்சேன்யா. அந்தாளு வாட்ச்சப் பாத்துகினே இருந்தான். நான் அவரு பொஞ்சாதின்னேன். கார்டுல உம் பேரு எங்கன்றான்." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "கெளம்பலன்னு தெரிஞ்சிருந்தா ஆட்டோ புடிச்சு நானே வந்து இட்டாந்திருப்பேன். கெளம்பிட்டன்னு சொன்னதுக்கோசரம் நின்னுகினு இருந்தேன்."

அம்மாசி தன் வாசலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து உள்ளே போனார்.

மறுநாள் சித்தார்த்தன் ஒன்பது மணிக்குக் கார்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனான். பட்டியல் நேற்றே மேலே போய்விட்டது, மனு எழுதிக் கொடு, பார்க்கலாம் என்றார்கள். வாசலில் மனு எழுதுபவரிடம் எழுதி வாங்கினான். ஏற்கெனவே மனுக்கள் இருந்த கட்டின் மேல் அதை வைத்தார்கள். ரசீது கேட்டான். இதற்கு ரசீது இல்லை என்றார்கள். பதினொன்றரைக்கு ஆழ்வார்பேட்டைக்குப் போனான். ஹாஜிரா பீ கதவைத் திறந்தாள். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சூடாமணி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவனை யாரென்று கேட்டாள். கைப்பிடியின் இரண்டு ஸ்க்ரூக்களையும் முடுக்கினான். புதுக் கண்ணாடிக்கு அளவெடுத்தான். அகலம் எழுநூற்றிருபது மில்லிமீட்டர், உயரம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. பால்கனியில் கிடந்த சில்லுகளைச் சாக்கில் அள்ளிக் கட்டினான். அடுத்த புகார் பெசன்ட் நகரில். சமையலறை ஜன்னல், சாத்த வரவில்லை என்று எழுதியிருந்தது.