நான் அனுப்பிய படம்

கெமரா வைத்த போன் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த புதிதில் நான் பத்தாம் வகுப்பில் படித்தேன். கொழும்பில் கடையில் வேலை செய்த அண்ணன் தீபாவளிக்கு ஒன்று கொண்டுவந்திருந்தான். பள்ளிக்கும் அதை ஒளித்து எடுத்துப்போனேன்.

ஒரு சனிக்கிழமை, வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள், காய்ச்சலில் கிடந்த அம்மாவுக்குப் பதிலாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் சாக்கு, நெற்றியில் கூடைக்கயிறு, முழங்கால்வரை சேறு. மேல்ரோட்டில் நின்று படம் எடுத்தேன். திங்கட்கிழமை பஸ்ஸில் ஒருத்தி கேட்டாள், புளூடூத்தில் அனுப்பினேன். பள்ளி இருந்த மஸ்கெலியா போய்ச் சேர்வதற்குள் பஸ் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் அதன் கீழே யாரோ ‘நம்ம டொக்டரம்மா’ என்று எழுதியிருந்தார்கள். டொக்டராக வேண்டும் என்று அவள் ஒருமுறை வகுப்பில் சொல்லியிருந்தாள்.

அவள் பஸ்ஸில் ஏறினாலே, “டொக்டரம்மா, பெரட்டுக்கு நேரமாச்சு!” என்று பின்சீட்டிலிருந்து கத்துவார்கள். கத்தியவர்கள் எல்லோரும் தோட்டத்து லய வீடுகளின் பிள்ளைகள்தான். அவர்களுடைய அம்மாக்களும் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் மலை ஏறினார்கள்.

அவள் பஸ்ஸில் வருவதையே விட்டாள். நாலு மைல் நடந்தே வந்தாள். மழை நாளில் ஈரச் சப்பாத்தோடு உட்கார்ந்திருப்பாள். விஞ்ஞானத்தில் அவளை யாராலும் முந்த முடியவில்லை. யார் எடுத்த படம் என்று ஒருநாளும் கேட்கவில்லை. டொக்டர் பேச்சையும் பிறகு எடுக்கவில்லை. வகுப்புப் படத்தில் அவள் இல்லை. பிறகு நடந்த அவள் கல்யாணத்தில் கெமராக்காரரே இல்லை.

பல வருஷம் கழித்து ஹட்டனில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தோம். அவள் பொகவந்தலாவையில் விஞ்ஞான ஆசிரியை. பக்கத்து மேசைக்காரர் போனைத் தூக்கியதும், பேசிக்கொண்டே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“அந்தப் படத்த எடுத்தது நாந்தான்டி.”

“தெரியும். அன்னைக்கே தெரியும்.”

“ஏன் கேக்கல?”

“கேட்டா நீயும் எழும்பி வேற பெஞ்சுக்குப் போயிருவேன்னு பயம்.”

நான் அழுதேன். அவள் அழவில்லை.

“கோவம் போயிருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்” என்றாள். “போன வருசம் என் வகுப்புல ஒரு புள்ளைக்கு இதே நடந்துச்சு. வெக்கத்துல படிப்ப விட்டுட்டு நின்னுருச்சு. நாப்பது புள்ளைங்க முன்னால நின்னு என் கதைய முழுசா சொன்னேன். அடுத்த நாளு நாலு புள்ளைங்க அவ வீட்டுக்கே போயி கூட்டிட்டு வந்தாங்க.”

ஒரு தோழியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது. அவள் ஒரு வகுப்பையே பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.