சாத்திய கதவுக்குள் ஒரு பரீட்சை

எங்கள் குப்பத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. ஏரிக்காற்று வீட்டுக்குள் வந்து போக வேண்டும், கூடவே அக்கம்பக்கத்துப் பேச்சும். சாத்தியிருந்தால் உள்ளே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அதனால் பரீட்சைக்கு முந்தின நாளே வீடு வீடாகப் போய், "நாளைக்குக் காலையில கதவ சாத்திப்பேன், யாரும் கூப்பிடாதீங்க"ன்னு சொல்லி வைத்தேன்.

பிளஸ் டூவோடு நின்றவள் நான். பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் படிப்பில் ஆன்லைனில் சேர்ந்தேன். இறால் தலையைக் கிள்ளிக்கொண்டே பாடம் கேட்பேன். சிக்னல் போனால் போனைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடுவேன். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துச் சிரிப்பாள்.

"போன்ல படிச்சா சம்பளமும் போன்லயேதான்டி வரும். கைக்கு வராது."

அப்படிச் சொல்லிவிட்டு, என் பிள்ளைக்குச் சோறு ஊட்டி என்னைப் படிக்க விடுகிறவளும் அவள்தான்.

பரீட்சையில் தேறினால் எளாவூர்ப் பக்கம் ஒரு இறால் கம்பெனி ஆபீசில் வேலை என்றார்கள். ஒரே வாய்ப்பு. போன் கேமரா நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வேறு முகம் தெரியக் கூடாது, வாய் திறந்து பேசக் கூடாது. மீறினால் பரீட்சை அதுவாகவே மூடிக்கொள்ளும்.

தெருவில் எல்லோருக்கும் சொன்னேன், அக்காவுக்கு மட்டும் சொல்ல முடியவில்லை. திருப்பாலைவனம் பக்கம் மீன் விற்கப் போனவள் நான் தூங்கிய பிறகுதான் வந்தாள். மறுநாளும் விடியுமுன்னே கூடையோடு கிளம்பிவிட்டாள். மத்தியானம்தானே வருவாள் என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு மீன் கொஞ்சம்தான் போலிருக்கிறது, சீக்கிரமே திரும்பிவிட்டாள்.

பாதிக் கேள்வி தாண்டியிருந்தேன். எல்லாம் தெரிந்த கேள்விகள்.

"இன்னாடி, கதவ சாத்திகினு கீற?"

வாசலில் அக்கா. திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது: பின்னால் பேச்சுச் சத்தம் கேட்கிறது.

"தங்கச்சி, ஒடம்பு சரியில்லியா? வூட்ல எதுனா சண்டையா?"

போய்விடு அக்கா, போய்விடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே அடுத்த கேள்விக்கு விரலை நகர்த்தினேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மத்தியானம் அவள் மகளும் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா வந்து கூப்பிட்டாள். பதில் இல்லை. தூங்குகிறாள் என்று நினைத்துக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது மகள் உயிரோடு இல்லை. ஊர்க்கதை எல்லாம் பேசுகிற அக்கா, அதை மட்டும் ஒருநாளும் பேசியதில்லை.

கதவை இரண்டு கையாலும் தள்ளுகிற சத்தம் கேட்டது. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"ஒரு வார்த்த சொல்லும்மா. நான் போவ மாட்டேன். இங்கியேதான் கீறேன். இன்னிக்குப் போவ மாட்டேன்."

"நல்லாத்தான் கீறேன்க்கா," என்றேன்.

திரை வெள்ளையாகிவிட்டது. எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். அக்கா என் முகத்தை, கழுத்தை, கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் போனைக் கவனித்தாள்.

"பரீட்சையா? இன்னாத்துக்குடி சொல்லல? நான் வந்து கெடுத்துட்டனா?"

"இல்லக்கா. அப்பதான் முடிஞ்சிது."

"நல்லா எழுதனியா?"

"எழுதனேன்."

நடந்ததைச் சொல்லிப் படிப்பு நடத்தியவர்களுக்கு எழுதிப் போட்டேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று பதில் வந்தது. அவர்களைச் சொல்லி என்ன, சாத்திய கதவு எங்களுக்கு என்னவென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்.

மாசங்கள் ஓடிவிட்டன. அக்கா இன்னும் விடுவதாயில்லை. "கம்பெனிக்காரன் கூப்டானா?" என்கிறாள். இன்னும் இல்லை என்கிறேன். உடனே அவனை, அவன் ஆபீசை, அவனைப் பெற்றவர்களை எல்லாம் சேர்த்து வாய் ஓயும்வரை திட்டுகிறாள். நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.